யாருக்காக அந்த ஊசி?



சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியா வேறு ஊராகிவிடும். கிறகரி வாவியில் படகுகள், பூங்காவில் மலர்கள், வீதி நெடுகக் கொழும்பு வாகனங்கள். இவற்றுக்கு நடுவே, 1875ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அமைத்த பந்தயத் திடலில் குதிரைகள் ஓடும். கொழும்பில் குதிரைப் பந்தயம் நின்றுபோய்ப் பல பத்தாண்டுகள் கழிந்துவிட்ட போதிலும், நம் மலையகத்தில் இன்னமும் அந்தக் குளம்போசை கேட்கிறது. தோட்டத்துக் குடும்பங்களும் புத்தாண்டு உடையோடு பஸ் ஏறி வந்து, வேலிக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டுப் போகின்றன.

அப்படிப் பார்த்துவிட்டு ஹற்றன் பக்கம் திரும்பிய ஒரு பஸ்ஸில், என் முன் ஆசனத்தில் ஒரு பெரியவரும் அவருடைய மருமகனும் இருந்தார்கள். பையன் கேட்டான்: "மாமா, வெளிநாட்டுல குதிரைக்குக் கோபால்ட்னு ஒரு மருந்து குடுத்ததுக்காக ஆளுங்களப் பந்தயத்தவிட்டே தள்ளி வச்சாங்களாம். அது சத்து மருந்துன்னுதானே சொல்றாங்க. அதுல என்னா தப்பு?"

பெரியவர் சற்று யோசித்தார். "அதானே மாப்புள்ள! நம்ம மாட்டுக்குப் புண்ணாக்கு வைக்கிறோம். புள்ளைக்கு டொனிக் வாங்கிக் குடுக்கிறோம். குதிரைக்குக் குடுத்தா மட்டும் குத்தமா?" என்றார்.

நானுஓயா கழிந்து, தலவாக்கலை கழிந்து, கொட்டகலைக்கு வரும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. குதிரை வைத்திருப்பவர்கள் நம்மில் எவருமில்லை. ஆயினும் இது குதிரைக்காரர்களுக்கு மாத்திரம் உரிய கேள்வி அல்லவென்று எனக்குத் தோன்றியது. ஆகவே அதை உங்கள் முன் வைக்கிறேன். இது நுவரெலியாவில் ஓடும் குதிரைகளைப் பற்றிய குற்றச்சாட்டல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்குகள் நடந்த இடம் வேறு. கேள்வி மட்டுமே நம்முடையது.

தீமையும் நன்மையும் ஒரே உலோகத்தில்

கோபால்ட் என்பது ஓர் உலோகம். நமது பழைய பாடசாலைப் புத்தகங்களில் அதைக் கோபாற்று என்று படித்திருப்பீர்கள். அந்தப் பெயரே விசித்திரமானது. முற்காலத்தில் ஜேர்மனியச் சுரங்கத் தொழிலாளர் அதன் தாதுவை உருக்கியபோது நச்சுப் புகை எழுந்து அவர்களைத் துன்புறுத்தியது. ஆகவே சுரங்கத்தில் வாழ்வதாக அவர்கள் நம்பிய ஒரு குட்டிப் பேயின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

ஆனால் அந்தப் 'பேய்' இல்லாமல் உயிர் வாழ முடியாது என்பது பின்னர் தெரியவந்தது. அவுஸ்திரேலியாவின் சில பகுதிகளில் ஆடுமாடுகள் பசும்புல்லின் நடுவிலேயே மெலிந்து, இரத்தம் குன்றி, செத்து விழுந்தன. வயிறு நிறையப் புல் தின்றும் அவை ஏன் சாகின்றன என்பது எவருக்கும் விளங்கவில்லை. 1935ஆம் ஆண்டளவில் விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த மண்ணில் கோபால்ட் இல்லை. மண்ணில் இல்லாதது புல்லிலும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு கோபால்ட்டைச் சேர்த்துக் கொடுத்ததும் மந்தைகள் பிழைத்தெழுந்தன.

1948இல் விற்றமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டபோது இதன் இரகசியம் மேலும் தெளிவாயிற்று. அந்த விற்றமினின் நடுவே ஒரேயோர் அணு கோபால்ட் வீற்றிருக்கிறது. அதன் முழு அமைப்பையும் 1956இல் வெளிப்படுத்திய டொரதி ஹொட்ஜ்கின் அம்மையார் 1964இல் நோபல் பரிசு பெற்றார். இரத்தம் ஊறுவதற்குப் பி12 வேண்டும். பி12க்குக் கோபால்ட் வேண்டும். குதிரையின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள், தீவனத்திலுள்ள கோபால்ட்டைக் கொண்டு தாமே அந்த விற்றமினை உண்டாக்கிக் கொடுக்கின்றன. அதற்கு எவ்வளவு தேவை? 500 கிலோ நிறையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம்; அதாவது ஒரு கிராமில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. சாதாரணப் புல்லும் தானியமுமே அதைக் கொடுத்துவிடும்.

சத்து எப்படி ஊசியாயிற்று?

கோபால்ட் உப்பை அதிகமாகக் கொடுத்தால் உடல் ஏமாந்துபோகிறது. போதிய ஒட்சிசன் கிடைக்கவில்லை என்று அது தப்பாக எண்ணிக்கொண்டு, சிவப்பு இரத்த அணுக்களைப் பெருக்கும் ஹோர்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. உயர்ந்த மலைக்குப் போனவனின் உடல் மெல்லிய காற்றுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வது போன்ற நிலை இது. மலை ஏறாமலே மலை ஏறியதாக உடலை நம்பவைக்கும் தந்திரம் என்று சொல்லலாம்.

இந்தக் காரணத்தினால் ஒரு காலத்தில் மனிதருக்கே இதை மருந்தாகக் கொடுத்தார்கள். இரத்தசோகை நோயாளிகள் பலர் கோபால்ட் குளோரைட் உட்கொண்டார்கள். இரத்தம் கூடியது உண்மை. ஆனால் சிலருக்குக் கழுத்தில் கழலை வந்தது. சிலருக்குச் செவிப்புலன் கெட்டது. ஆகவே வைத்தியர்கள் அதைக் கைவிட்டார்கள். 1965, 1966ஆம் ஆண்டுகளில் கனடாவின் கியூபெக் நகரில் இதைவிடப் பெரிய துயரம் நிகழ்ந்தது. பியர் வார்க்கும்போது நுரை நெடுநேரம் நிற்கட்டும் என்பதற்காக அதில் கோபால்ட் உப்பைச் சிறிதளவு கலந்தார்கள். அதை மிகுதியாகக் குடித்து வந்தவர்களின் இதயம் தளர்ந்து, இருபது பேர் வரை இறந்தனர். நுரை அழகாக நிற்கவேண்டும் என்பதற்காக மனிதர் விழுந்தார்கள்.

மனிதருக்கு ஆகாதென்று கைவிட்ட அதே உப்பு, பல ஆண்டுகளின் பின் குதிரை லாயங்களில் தலைகாட்டியது. விலை மலிவு, வாங்குவது எளிது. தீவனச் சத்துகளின் பட்டியலில் அதன் பெயர் ஏற்கனவே இருந்தபடியால், "சத்துத்தானே கொடுத்தோம்" என்று சொல்லித் தப்பவும் இடமிருந்தது.

குதிரை என்ன பட்டது என்பதை 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டுகிறது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், சில குதிரைகளுக்கு வாரம் ஒருமுறை வீதம் ஐந்து வாரங்கள் கோபால்ட் குளோரைட் நரம்பூசியாகச் செலுத்தினார்கள். குதிரைகள் காலால் தரையைப் பறித்தன, மூக்கு விடைத்தது, தசைகள் நடுங்கின, முக்கித் துடித்தன. அத்தனை வேதனைக்குப் பிறகும் அவற்றின் சிவப்பு இரத்த அணுக்கள் கூடவில்லை. வாசகரே, இதைச் சற்று நின்று கவனியுங்கள். பலன் உண்டென்று எண்ணி மனிதன் ஊசி ஏற்றினான். அந்த ஆய்வில் பலன் தென்படவில்லை. வேதனை மட்டும் தென்பட்டது.

எண்ணால் போட்ட வேலி

கோபால்ட் ஒவ்வொரு குதிரையின் உடலிலும் இயற்கையாகவே இருக்கிறது. ஆகவே கஞ்சா, அபின் போன்று "இருந்தாலே குற்றம்" என்று சட்டம் சொல்ல முடியாது. "இவ்வளவுக்கு மேல் இருந்தால் குற்றம்" என்று ஓர் எல்லை போடவேண்டியதாயிற்று.

வழக்கமான தீவனம் தின்னும் குதிரையின் சிறுநீரில், ஒரு லீற்றருக்குப் பெரும்பாலும் 20 மைக்ரோகிராமுக்கு மேல் கோபால்ட் இருப்பதில்லை. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலம் 2014 ஏப்ரிலில் 200 மைக்ரோகிராம் என்று எல்லை வகுத்தது. 2015 ஜனவரி முதலாந் திகதி அந்த எல்லை நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. 2016 செப்ரெம்பரில் அதை 100 ஆகக் குறைத்தார்கள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 2014இலேயே இரத்தத்தில் அளக்கும் எல்லை ஒன்றைக் கொண்டுவந்தது. குதிரைப் பந்தயச் சபைகளின் சர்வதேசக் கூட்டமைப்பும் சிறுநீரில் 100 என்ற அளவை ஏற்றுக்கொண்டது. மனித விளையாட்டு வீரருக்கான உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் 2015இல் கோபால்ட் இடம்பெற்றது.

எல்லை போட்டவுடன் விவாதமும் எழுந்தது. இரு தரப்பையும் நாம் நேர்மையாகக் கேட்கவேண்டும்.

எல்லையை எதிர்த்தவர்கள் சொன்னது இது: கோபால்ட் இயற்கைப் பொருள். தீவனத்திலும், உப்புக் கட்டியிலும், குளம்புக்குக் கொடுக்கும் தூளிலும் அது இருக்கிறது. நோயுற்ற குதிரைக்கு நேர்மையாக ஒரு பி12 ஊசி போட்டாலும் சிறுநீரில் அளவு சிலகாலம் உயரும். இன்றைய கருவிகளோ கடலில் கரைத்த பெருங்காயத்தையும் கண்டுபிடித்துவிடும். அப்படியிருக்க, 99 என்றால் நல்லவன், 101 என்றால் கள்வன் என்பது என்ன நியாயம்? மேலும், அது குதிரையை வேகமாக ஓடச் செய்கிறது என்பதே திடமாக நிறுவப்படாதபோது, தண்டனை எதற்கு?

எல்லை வேண்டும் என்றவர்கள் சொன்னது இது: எந்தச் சாதாரணத் தீவனமும் குதிரையை 200க்குக் கொண்டுபோய் விடாது. இயற்கையான அளவுக்கும் எல்லைக்கும் இடையே அகலமான இடம் விடப்பட்டிருக்கிறது. நேர்மையானவன் அந்த இடத்துக்குள் தாராளமாக நடமாடலாம். வேகம் கூடினாலும் கூடாவிட்டாலும் குதிரைக்குத் தீங்கு நேர்வது உண்மை. வேதனையை வாய்விட்டுச் சொல்ல அதற்கு நாவில்லை. மனிதனுடைய நெஞ்சைத் திறந்து நோக்கத்தை அளக்கும் கருவி எவரிடமும் இல்லை. சிறுநீரை அளக்கும் கருவி இருக்கிறது. ஆகவே சட்டம் அதைக்கொண்டுதான் தீர்ப்பிட வேண்டும்.

இந்த இரண்டாவது நியாயமே கனமானதென்று நான் நினைக்கிறேன். இலாபத்தை எதிர்பார்த்து மற்றொரு உயிரின்மேல் கைவைத்தவன், இலாபம் கிடைக்கவில்லை என்பதனால் குற்றமற்றவன் ஆகிவிடமாட்டான். பூட்டை உடைத்துப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே காசில்லை என்றால், திறந்தவன் திருடனில்லை என்று சொல்வோமா?

அறியாமல் நேர்ந்தால்?

எனினும் எதிர்த் தரப்பின் ஒரு வாதம் நெஞ்சைத் தொடுகிறது. குதிரையைப் பழக்குகிறவன் அறியாமலே இது நடந்திருந்தால் என்ன செய்வது?

இதற்கொரு மெய்யான உதாரணம் உண்டு. பீற்றர் மூடி என்பவர் அவுஸ்திரேலியாவின் பேர்போன பயிற்றுநர். 25 பந்தயங்களில் ஓடி 25இலும் வென்ற 'பிளாக் கேவியர்' என்னும் பெண் குதிரையைப் பழக்கியவர் அவரே. 2014 ஒக்ரோபரில் மெல்பேர்ணில் இரண்டாவதாக வந்த அவருடைய மற்றொரு குதிரையான 'லிடாரி'யின் சிறுநீரில், கோபால்ட் எல்லையைத் தாண்டியிருந்தது. குளம்பு வலுப்பெறக் கொடுக்கும் தூளை லாயத்து ஊழியர் அளவு தெரியாமல் கூடுதலாகப் போட்டிருக்க வேண்டும் என்பது அவர் தரப்பு விளக்கம். 2016 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஓட்டத்தை மாற்றும் நோக்கத்தோடு அவர் கொடுத்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் அவர் முற்றாக விடுவிக்கப்படவுமில்லை. 12 மாதத் தடை விதிக்கப்பட்டு, அதில் 6 மாதம் ஒத்திவைக்கப்பட்டது. அவர் மனமுடைந்து தொழிலையே விட்டு விலகினார். 2020இல்தான் திரும்பி வந்தார்.

இது கொடுமையா, நீதியா? வேதாகமத்தின் யாத்திராகமத்தில், முட்டும் மாட்டைப் பற்றிய ஒரு பழைய சட்டம் இருக்கிறது. மாடு முட்டி ஒருவன் இறந்தால், அதுவரை அது முட்டியதில்லையென்றால், மாட்டுக்குச் சொந்தக்காரன் குற்றவாளி அல்லன். ஆனால் அது முட்டுகிற மாடென்று முன்னமே அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தும் அவன் அதைக் கட்டி வைக்கவில்லை என்றால், பழி அவன்மேல் வரும். அறியாமை இருவகைப்படும் என்பதை அந்தச் சட்டம் எத்தனை நுட்பமாகக் காட்டுகிறது! அறிய வழியே இல்லாத அறியாமை ஒன்று. அறிந்துகொள்ளக் கடமைப்பட்டிருந்தும் கண்ணை மூடிக்கொண்ட அறியாமை மற்றொன்று. முன்னது மன்னிக்கத் தக்கது. பின்னதை அறியாமை என்று சொல்வதைவிட அசட்டை என்பதே பொருத்தம்.

ஒரு லாயத்தில் எந்தப் புட்டியில் என்ன இருக்கிறது, யார் எவ்வளவு போடுகிறார்கள் என்பதைத் தெரிந்திருப்பது அதன் தலைவனுடைய வேலை. வெற்றிக் கிண்ணத்தை வாங்கும்போது அவன்தான் முன்னே வந்து நிற்கிறான். புல் அள்ளிப் போட்ட ஊழியனை எவரும் மேடைக்கு அழைப்பதில்லை. மாலையைத் தன் கழுத்தில் ஏற்றவன் பழியை மட்டும் வேலைக்காரன் தலையில் இறக்கிவிட்டுப் போகலாமா? ஆகவே அவனைப் பொறுப்பாளியாக்கியது சரி. அதேவேளை, நோக்கம் நிரூபிக்கப்படாதபோது தண்டனையைக் குறைத்ததும் சரி. பொறுப்பு வேறு, பாவம் வேறு. பொறுப்பைத் தீர்ப்பது சபை. பாவத்தை அறிவது அவனவன் மனச்சாட்சி.

எவ்வளவு, யாருக்காக?

இப்போது பஸ்ஸில் கேட்ட அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். மாட்டுக்குப் புண்ணாக்கு வைக்கலாமென்றால் குதிரைக்கு இதை ஏன் கொடுக்கக்கூடாது?

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று நாம் உடனே பதில் சொல்லிவிடுவோம். பழமொழி பொய்யல்ல. கோபால்ட்டின் கதை முழுவதுமே அதற்குச் சான்று. ஆனால் அந்தப் பழமொழி 'எவ்வளவு?' என்ற கேள்விக்கு மட்டுமே விடையளிக்கிறது. சட்டமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. 'எவ்வளவு?' என்று மட்டும் கேட்கிறவன் என்ன செய்வான்? எல்லை 100 என்றால் 95இல் கொண்டுபோய் நிறுத்தப் பார்ப்பான். கருவி இதைக் கண்டுபிடிக்கிறதென்றால், அது கண்டுபிடிக்காத வேறொன்றைத் தேடுவான். சட்டம் அவனை மறிக்கும், மாற்றமாட்டாது.

மனச்சாட்சி கேட்பது வேறொரு கேள்வி: 'இது யாருக்காக?' நோயாளிக்கு மருந்து கொடுக்கும்போது, விழுங்குகிறவனுடைய நன்மைக்காகக் கொடுக்கிறோம். பந்தயக் குதிரைக்குக் கோபால்ட் ஏற்றும்போது, பக்கத்தில் நிற்கிறவனுடைய நன்மைக்காக ஏற்றுகிறோம். புட்டி ஒன்றாயிருக்கலாம், ஊசி ஒன்றாயிருக்கலாம். முன்னது மருந்து, பின்னது சுரண்டல்.

"அப்படியானால் புண்ணாக்கும் பாலுக்காகத்தானே?" என்று பெரியவர் விடாமல் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மாட்டை வைத்திருப்பவன் தன் பிழைப்பை எண்ணித்தான் வைத்திருக்கிறான். அதில் பாவமில்லை. ஆனால் கவனியுங்கள்: புண்ணாக்குத் தின்ற மாடு உடம்பு தேறுகிறது. அது தேறுவதனால் பால் சுரக்கிறது. கன்றும் குடிக்கிறது, நாமும் குடிக்கிறோம். நமது இலாபம் மாட்டின் நன்மை வழியாக நம்மிடம் வந்து சேருகிறது. கோபால்ட் ஊசியிலோ இலாபம் குதிரையின் துன்பத்தின் வழியாக வருகிறது. குதிரை தேய்ந்தால்தான் முதலாளி வளருவான். பிற உயிரின் உழைப்பால் வாழ்வது குற்றமல்ல. அந்த உயிரின் நன்மைக்கூடாக வாழ்கிறோமா, அதன் அழிவுக்கூடாக வாழ்கிறோமா என்பதே கேள்வி. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டவேண்டாம் என்று மோசே கட்டளையிட்டதும் இந்தக் கருத்தினால்தான். மாடு உழைக்கட்டும், ஆனால் உழைக்கிற இடத்தில் அதுவும் தின்னட்டும்.

பாலாமின் கழுதையை நினைத்துப் பாருங்கள். அது மூன்றுமுறை அடிபட்ட பிறகு, ஆண்டவர் அதன் வாயைத் திறந்தார். நான் உமக்கு என்ன செய்தேன் என்று அது தன் எசமானனைக் கேட்டது. லாயத்துக் குதிரைக்கு அந்த வரம் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக இன்று ஒரு சிறு குப்பி சிறுநீர் பேசுகிறது. பரிசோதனைச் சாலையில் எழுதப்படும் அந்த எண்ணே குதிரையின் வாக்குமூலம். அதனால்தான் எல்லை வேண்டுமென்கிறேன்.

பந்தயம் கட்டும் கை

பந்தயக் குற்றத்தில் ஊசி போட்டவனுக்கு மட்டுமா பங்கு? நமது மலையக நகரங்களில் சந்தைக்குப் போகும் வழியிலே 'புக்கி' கடைகள் இருக்கின்றன. எங்கோ இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் ஓடும் குதிரைகளின்மேல் இங்கே காசு கட்டப்படுகிறது. சம்பள நாளில் அந்தக் கடைவாசலில் நிற்பவர் யார், வீட்டிலே அடுப்பை மூட்டாமல் காத்திருப்பவர் யார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

சூது விளையாட்டு எல்லாமே தன்னளவில் பாவமென்று திருச்சபை போதிக்கவில்லை. தனக்கும் தன் குடும்பத்துக்கும் தேவையானதை அது பறித்துக்கொள்ளும்போது ஏற்க முடியாததாகிறது என்றே மறைக்கல்வி நூல் சொல்கிறது. வீட்டுச் செலவுக் காசைக் கட்டிவிட்டு வருகிறவன் அந்த வரியின் கீழ் வருகிறான். அதோடு இன்னொன்றும் உண்டு. குதிரையின் பெயரைக் கடதாசியில் குறித்துக் காசு கட்டுகிற ஆயிரமாயிரம் கைகள் இல்லையென்றால், ஊசிக்கு அத்தனை விலை வந்திராது. காசு கட்டுகிறவன் குதிரையைப் பார்ப்பதில்லை. அதன் நடுக்கத்தையும் பார்ப்பதில்லை. அவனுக்கு அது ஒரு பெயர், ஓர் இலக்கம். தூரத்தில் நடக்கும் துன்பத்தில் நமக்குப் பங்கில்லை என்று நினைப்பது எத்தனை எளிது!

நம் லயத்திலும் நம் வீட்டிலும்

'யாருக்காக?' என்ற அந்தக் கேள்வியை நம் வாசலுக்குக் கொண்டுவருவோம்.

இரத்தசோகை நம் தோட்டத்துப் பெண்கள் நன்கறிந்த நோய். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குப் போய், மழையிலும் பனியிலும் மலையேறி, கூடை நிறையக் கொழுந்தெடுத்து, மடுவத்தில் நிறுத்து, குறித்த நிறை வராவிட்டால் அரைப்பேராகிப் போகிற வாழ்க்கை அவர்களுடையது. அவர்களுக்கு இரும்புச் சத்துக் குளிசை கொடுப்பது நல்லது, மிக நல்லது. அந்தத் தாய் சுகமாக இருக்கட்டும் என்று கொடுத்தால் அது மருந்து. நாளைக்கு இரண்டு கிலோ கூட எடுக்கட்டும் என்ற எண்ணத்தோடு மட்டும் கொடுத்து, நல்ல உணவையும் ஓய்வையும் மறுத்தால், அவளுக்கும் லாயத்துக் குதிரைக்கும் என்ன வித்தியாசம்? தோட்டத்தை நடத்துகிறவர்களுக்கு மட்டுமல்ல, அவளுடைய சம்பளத்தை எதிர்பார்த்து வீட்டில் இருக்கும் கணவனுக்கும் இது பொருந்தும்.

பிள்ளைகளிடம் வருவோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் நம் வீடுகளிலும் ஒரு பந்தயத் திடல் திறந்துவிடுகிறது. காலையில் வகுப்பு, மாலையில் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு. பத்து வயதுப் பிள்ளை தூக்கக் கண்ணோடு டொனிக் குடித்துவிட்டுப் புத்தகத்தைத் தூக்குகிறது. பிள்ளை முன்னேறவேண்டும் என்ற ஆசை தூயது. நம் பெற்றோர் லயத்து அறையிலிருந்து வெளியேற வேறு கதவு காணாதவர்கள். அதை நான் குறைகூறவில்லை. ஆனால் ஒருநாள் இரவு, உறங்கும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஓட்டம் இவனுக்காகவா, அல்லது பக்கத்து வீட்டாரின் முன் நான் தலைநிமிர்ந்து நிற்பதற்காகவா? விடை கலப்பாகத்தான் இருக்கும். மாட்டுக்குப் புண்ணாக்கு வைக்கும்போதும் கலப்பாகத்தானே இருக்கிறது! நமது பெருமை பிள்ளையின் நன்மைக்கூடாக வருகிறதா, அதைத் தேய்த்து வருகிறதா என்பதைப் பாருங்கள். பிள்ளை சிரிக்கிறதா, சாப்பிடுகிறதா, விளையாடுகிறதா என்பதே நம் வீட்டுப் பரிசோதனைச் சாலை.

வாசகரே, பந்தயத் திடலில் எத்தனை மைக்ரோகிராம் வரை அனுமதிக்கலாம் என்பதை அறிவாளிகள் கூடித் தீர்மானிப்பார்கள். முன்னர் 200 என்றார்கள், பின்னர் 100 என்றார்கள்; நாளை வேறொன்று சொல்லலாம். அந்த வேலி தேவைதான். ஆனால் நமது பொறுப்பில் விடப்பட்டிருக்கும் ஊமை உயிர்களுக்கும், வாயிருந்தும் பேசப் பயப்படுகிறவர்களுக்கும், நாம் என்ன கொடுக்கிறோம், ஏன் கொடுக்கிறோம் என்பதை அளக்க எந்தக் கருவியும் வரப்போவதில்லை. அதை நாமேதான் அளக்கவேண்டும்.

கொட்டகலையில் அந்தப் பெரியவரும் பையனும் இறங்கிப் போனார்கள். "மாட்டுக்கு நேரமாச்சு மாப்புள்ள, பசியோட நிக்கும். வெரசா நட" என்று அவர் சொல்வது சன்னல் வழியாகக் கேட்டது. தாம் கேட்ட கேள்விக்கான விடையை அவர் தம் கையிலேயே வைத்திருந்தார்.